சென்னை மோட்டார் பந்தயக் குழுமொழி

சென்னை மோட்டார் பந்தயக் குழுமொழி என்பது சென்னை மாநகரில் தானுந்து, விசையுந்துப் பந்தயங்களோடு தொடர்புடையோரிடையே வழங்கும் தனிச்சொற்களின் தொகுதி ஆகும். பந்தயத் தடங்களில் முறைப்படி ஓட்டும் வீரர்கள், வண்டிகளைச் சீர்செய்யும் பட்டறைத் தொழிலாளர்கள், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளை ஒட்டிய சாலைகளில் இரவு நேரத்தில் விரைந்தோட்டும் இளைஞர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் இச்சொற்களை வழங்குகின்றனர். இம்மூன்று தரப்பினருக்கும் இடையே நல்லுறவு உண்டு என்று சொல்வதற்கில்லை. தடத்தில் ஓட்டுவோர், சாலையில் ஓட்டுவோரைப் பந்தய வீரர்களாகவே ஏற்பதில்லை. ஆயினும் இவர்கள் பேசும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றே. 'ரேஸ்' என்ற ஒரே சொல் ஓரிடத்தில் விளையாட்டையும் மற்றோரிடத்தில் குற்றத்தையும் குறிப்பது இதனால்தான்.

குழூஉக்குறியும் தொழிற்சொல்லும்

ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கிக்கொள்ளும் சொல்லைத் தமிழ் இலக்கணம் குழூஉக்குறி என்கிறது. நன்னூல் இதனை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றுடன் சேர்த்துத் தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் பள்ளிப் பாடநூல்கள் வரை வந்துள்ள எடுத்துக்காட்டுகள். பிறர் அறியாதபடி பேசுவதே இவற்றின் நோக்கம்.

மோட்டார் பந்தயச் சொற்களில் இவ்வாறு மறைப்பதற்காக எழுந்தவை மிகச் சிலவே. பெரும்பாலானவை வேலையின் விரைவுக்காகவும் நுட்பத்துக்காகவும் எழுந்த தொழிற்சொற்கள். பட்டறையில் பிறந்த சொல் ஒன்று சில ஆண்டுகளில் நகரம் முழுவதும் பரவி, வண்டியே ஓட்டாதவர்களின் பேச்சிலும் இடம்பெற்றுவிடுகிறது. எனவே இவற்றைக் கண்டிப்பான பொருளில் குழூஉக்குறி என்பதைவிடக் குழுமொழி என்பதே பொருந்தும்.

சோழவரம்

சென்னைக்கு வடக்கே, செங்குன்றத்தை அடுத்துக் கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானூர்தி ஓடுபாதை ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் பயனின்றிக் கிடந்த இப்பாதையே தென்னிந்திய மோட்டார் பந்தயத்தின் தொட்டில் ஆயிற்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடமும் போர்க்கால வானூர்தி நிலையத்தில் உருவானதே. 1953 ஆம் ஆண்டில் மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் தொடங்கப்பட்டு, சோழவரப் பந்தயங்களை நடத்தும் பொறுப்பை ஏற்றது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இங்குப் பந்தயங்கள் நடைபெற்றன.

தொடக்க காலத்தில் இது செல்வர்களின் விளையாட்டாகவே இருந்தது. கோண்டல் மகாராசா போன்ற சுதேச அரச குடும்பத்தினர் அயல்நாட்டுத் தானுந்துகளுடன் வந்து போட்டியிட்டனர். 1980களின் தொடக்கத்தில் தொழிலதிபர் விசய் மல்லையா, என்சைன் நிறுவனத்தின் பார்முலா 1 தானுந்தையே இங்கு ஓட்டினார். ஆனால் பார்வையாளர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பேருந்திலும் மிதிவண்டியிலும் வந்து வெயிலில் நின்று பார்த்த கூட்டமே சோழவரத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. இறக்குமதித் தானுந்துகளை வாங்க இயலாத உள்ளூர் ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் அம்பாசிடர், பியட், செரால்டு போன்ற உள்நாட்டு வண்டிகளைத் தாமே மாற்றியமைத்து ஓட்டினர். விசையுந்துப் பிரிவில் திருவொற்றியூரில் 1955 முதல் தயாரான என்பீல்டு புல்லட்டும், பின்னர் யமகா, சுசுகி நுட்பத்தில் வந்த வண்டிகளும் களமிறங்கின. பட்டறைத் தமிழும் தடத்தின் ஆங்கிலமும் கலந்தது இந்தப் பின்னணியில்தான்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த சு. கரிவரதன் இக்கதையில் தவிர்க்க முடியாத பெயர். அவர் 1980களின் இறுதியில் மாருதி 800 தானுந்தின் இயந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயத் தானுந்து ஒன்றை வடிவமைத்தார். 'பார்முலா மாருதி' என்றழைக்கப்பட்ட இவ்வண்டி, இறக்குமதி செய்யப்பட்ட வண்டிகளை ஒப்பிடக் குறைந்த செலவில் கிடைத்ததால் ஒரு தலைமுறை வீரர்கள் இதில் பயின்றனர். கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் இறந்தார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஓட்டத்தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இருங்காட்டுக்கோட்டை

ஓடுபாதை நேரானது, பாதுகாப்பு ஏற்பாடுகளும் குறைவு. எனவே மதராசு மோட்டார் விளையாட்டுக் கழகம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி நிலையான தடம் ஒன்றை அமைத்தது. 1990 இல் பயன்பாட்டுக்கு வந்த இத்தடத்தின் முழு நீளம் 3.717 கி.மீ.; 12 வளைவுகள் கொண்டது. நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய இருவரும் தம் தொடக்க காலத்தில் இங்கு ஓட்டினர். இந்தியாவிலிருந்து பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டியவர்கள் இன்றுவரை இவ்விருவரே. நரேன் 2005 இல் சோர்டான் அணிக்காக ஓட்டி, அவ்வாண்டின் ஐக்கிய அமெரிக்கப் பந்தயத்தில் நான்காமிடம் பெற்றார். மிச்சலின் உருளிப்பட்டைகளைப் பயன்படுத்திய அணிகள் விலகிக்கொண்டதால் அப்பந்தயத்தில் ஆறு வண்டிகளே ஓடின. சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010 இல் இசுபானியாவின் எச்.ஆர்.டி. அணியில் அறிமுகமானார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக், 1971 இல் அமைந்த இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர்.

விசையுந்துப் பிரிவிலும் சென்னைக்குத் தனியிடம் உண்டு. சென்னையின் சரத்குமார் 2011 இல் உலக வாகையர் போட்டியின் 125 சிசி பிரிவில் ஓட்டினார். பெண்களுள் அலிசா அப்துல்லா விசையுந்து, தானுந்து இரண்டிலும் ஓட்டிப் புகழ்பெற்றார். அவருடைய தந்தை ஆர். ஏ. அப்துல்லாவும் விசையுந்துப் பந்தய வீரரே. திரைப்பட நடிகர் அசித் குமார் 2003 இல் பார்முலா பி.எம்.டபிள்யூ. ஆசியப் போட்டியிலும் 2010 இல் பார்முலா 2 போட்டியிலும் பங்கேற்றார். அவர் தொடங்கிய அணி 2025 சனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

தடம் சோழவரத்திலிருந்து இடம் மாறியது வசதியைக் கூட்டியது. அணுக்கத்தைக் குறைத்தது எனலாம். இருங்காட்டுக்கோட்டை நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. அங்கு ஓட்டுவதற்குக் கூட்டமைப்பின் உரிமம், தோலாடை, தரச்சான்று பெற்ற தலைக்கவசம், கையுறை, காலணி ஆகியவை வேண்டும். பட்டறையில் நாள்கூலிக்கு வேலை செய்யும் இளைஞனுக்கு இவை எளிதில் கிட்டுவனவல்ல. அவனிடம் சொற்கள் இருந்தன, வண்டியும் இருந்தது, தடம் இல்லை. அந்த இடைவெளியைச் சாலை நிரப்பியது.

வண்டிகளின் பெயர்கள்

குழுமொழியின் பெருந்தெய்வங்கள் இரண்டு இருவீச்சு விசையுந்துகள். எசுகார்ட்சு நிறுவனம் 1983 முதல் தயாரித்த 347 சிசி ராஜ்தூத் 350, யமகா ஆர்.டி. 350 இன் இந்திய வடிவம். எரிபொருளை மிகுதியாகக் குடித்ததாலும் உதிரிப்பாகங்களின் விலையாலும் விற்பனையில் தோற்ற இவ்வண்டி, உற்பத்தி நின்றபின் பெரும்புகழ் பெற்றது. இதனை வைத்திருப்போர் 'எச்.டி.யா, எல்.டி.யா?' என்று முதலில் கேட்டுக்கொள்வர். உயர் முறுக்குவிசை, தாழ் முறுக்குவிசை என்னும் இரு வகைகளின் ஆங்கில முதலெழுத்துகள் இவை. முன்னது 30.5 குதிரைத்திறனும் பின்னது 27 குதிரைத்திறனும் கொண்டவை. வெளியாருக்குப் பொருள்படாத இக்கேள்வியே ஒருவர் உள்ளாளா வெளியாளா என்பதைக் காட்டிவிடும். உண்மையான குழூஉக்குறிக்கு அருகில் வரும் சில சொற்களுள் இதுவும் ஒன்று.

1985 இல் வந்து 1996 வரை தயாரான யமகா ஆர்.எக்சு. 100 இன்னும் பரவலானது. 98 சிசி இயந்திரமும் 11 குதிரைத்திறனும் கொண்ட இச்சிறுவண்டி, எடை குறைவானதால் அம்பு போலப் பாய்ந்தது. 'ஆர்எக்ஸ்' என்றாலே போதும், எண்ணைச் சொல்வதில்லை. உமிழ்வு விதிகள் இறுகியதால் 2000 ஆம் ஆண்டுக்குப்பின் இருவீச்சு விசையுந்துகள் படிப்படியாக மறைந்தன. ஆனால் அவற்றின் உதிரிப்பாகங்களுக்கான தேடல் மறையவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் புதுப்பேட்டைக் கடைகளும், அண்ணா சாலையிலிருந்து பிரியும் செனரல் பேட்டர்சு சாலைக் கடைகளும் இத்தேடலின் இரு முனைகள். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ வண்டியைப் பிரித்துப் போட்டிருக்கும் பட்டறைக்காரர் பையனை அனுப்பும் இடம் பெரும்பாலும் புதுப்பேட்டைதான்.

பட்டறைச் சொற்கள்

பட்டறை மொழியின் முதன்மையான இயல்பு, வண்டியை உயிருள்ளதாகப் பாவிப்பது. வண்டி 'இருமும்', 'திணறும்', 'குடிக்கும்'. ஏற்றத்தில் விரைவு குறைந்தால் 'இழுக்கவில்லை' என்பர். அந்த ஆற்றலுக்கு 'இழுவை' என்று பெயர். நின்ற நிலையிலிருந்து விரைவைக் கூட்டும் திறனுக்கு மட்டும் 'பிக்கப்' என்ற ஆங்கிலச் சொல்லே வழங்குகிறது. இழுவை வேறு, பிக்கப் வேறு என்பதில் பட்டறைக்காரர்கள் உறுதியாக இருப்பர். நூலில் முறுக்குவிசைக்கும் முடுக்கத்துக்கும் காட்டப்படும் வேறுபாட்டை இது பெரும்பாலும் ஒத்திருக்கிறது.

விசையுந்தின் வலக்கைப் பிடியைத் திருகி எரிபொருளைக் கூட்டுவதற்கு 'முறுக்கு' என்பதே சொல். கயிற்றையும் மீசையையும் முறுக்குவதற்கு வழங்கிய பழைய வினை புதிய கருவிக்கு இயல்பாகப் பொருந்திக்கொண்டது. 'முறுக்கிக்கொண்டு போகிறான்' என்றால் விரைந்து போகிறான் என்றும் பொருள். கோபித்துக்கொண்டு போகிறான் என்றும் பொருள். பல வேளைகளில் இரண்டும் ஒன்றாகவே நிகழ்வதுண்டு. வண்டியை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே இயந்திரத்தை உறுமவிடுவதற்கு 'ரைஸ் பண்ணுதல்' என்று பெயர். சிலர் இதையே 'ரேஸ் பண்ணுதல்' என்பர்.

'போர்' என்ற சொல் சுவையானது. உருளையின் உட்புறம் தேய்ந்துவிட்டால் அதனைக் கடைசல் எந்திரத்தில் மீண்டும் குடைந்து பெரிதாக்குவர். இது 'போர் போடுதல்'. தண்ணீருக்காக நிலத்தைத் துளையிடுவதும் சென்னையில் 'போர் போடுதல்'தான். இவற்றோடு சலிப்பைக் குறிக்கும் 'போர் அடித்தல்', சண்டையைக் குறிக்கும் தமிழ்ச்சொல்லான போர் ஆகியவற்றையும் சேர்த்தால் ஓர் ஒலிக்கு நான்கு பொருள்கள் ஆகின்றன. எண்ணெய் இன்றிச் சூடேறி உந்துதண்டு உருளையில் இறுகிக்கொள்வது 'சீஸ் ஆதல்'. இருவீச்சு இயந்திரங்களில் இது அடிக்கடி நேரும். ஓடும்போது நேர்ந்தால் பின்சக்கரம் சட்டெனப் பூட்டிக்கொண்டு ஓட்டுநரை வீழ்த்தும். எனவே பழைய ஓட்டுநர்கள் இடக்கை விரல்களைக் 'கிளட்ச்' பிடியின் மேலேயே வைத்திருப்பர்.

புகைபோக்கிக் குழாய்க்கு 'சைலன்சர்' என்று பெயர். ஒலியை அடக்குவதற்காகப் பெயரிடப்பட்ட இவ்வுறுப்பைக் கழற்றியோ உள்ளீட்டை நீக்கியோ ஒலியைப் பெருக்குவதே சாலைக் குழுக்களின் முதல் வேலை. இதனால் ஆற்றல் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. இருவீச்சு இயந்திரத்தில் குழாயின் வடிவமே எரிவளிமத்தை மீண்டும் உருளைக்குள் தள்ளும் பணியைச் செய்வதால், கண்டபடி வெட்டினால் ஆற்றல் குறையவே செய்யும். ஒலி மட்டும் கூடும்.

மாற்றுச் சக்கரத்தைக் குறிக்கும் 'ஸ்டெப்னி' வந்த வழி நீண்டது. பிரித்தானியாவின் வேல்சு நாட்டில் லனெல்லி நகரின் இசுடெப்னி தெருவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாற்றுச் சக்கரம் செய்து விற்ற நிறுவனத்தின் பெயர் அது. அங்கு ஏறத்தாழ மறைந்துவிட்ட அச்சொல் இந்தியப் பட்டறைகளில் இன்றும் வாழ்கிறது.

சாலைச் சொற்கள்

முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது 'வீலிங்'. ஆங்கிலத்தில் இதற்கு வேறு வடிவம் வழங்குகிறது. 'வீலிங்' இந்தியாவில் நிலைபெற்றது. இதற்குச் 'தூக்குதல்' என்ற தமிழ்ச்சொல்லும் உண்டு. ஆனால் சென்னைப் பேச்சில் 'வண்டியைத் தூக்கிவிட்டான்' என்றால் திருடிவிட்டான் என்றும், 'ஆளைத் தூக்கிவிட்டார்கள்' என்றால் காவல்துறையினர் பிடித்துச் சென்றனர் என்றும் பொருள்படும். முன்சக்கரத்தைத் தூக்குபவன் தானும் தூக்கப்படுவது இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

வளைவில் வண்டியைச் சாய்த்துத் திருப்புவது 'படுக்கப் போடுதல்'. நெரிசலில் இடமும் வலமுமாக ஊடுருவிச் செல்வது 'கட் அடித்தல்'. வகுப்புக்குப் போகாமல் இருப்பதற்கும் கல்லூரி மாணவரிடையே இதே சொல்தான். இரு வண்டிகளுக்கு இடைப்பட்ட சிறு இடம் 'கேப்'. அதில் நுழைவது 'கேப்பில் புகுதல்'. இருவர் செல்வது 'டபுள்ஸ்', மூவர் செல்வது 'டிரிபிள்ஸ்'. பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்யும் எதுவும் 'சீன் போடுதல்'. அதுவே பார்ப்பவர் மதிக்கும்படி அமைந்துவிட்டால் 'கெத்து'. ஒருவர் செய்வது சீனா கெத்தா என்று முடிவு செய்வது செய்பவர் அல்லர், பார்க்கும் கூட்டம்தான்.

விழுவதற்கும் சொற்கள் உண்டு. 'ஸ்கிட் ஆனது', 'சிலிப் ஆனது' என்று எப்போதும் வண்டியே எழுவாயாக வரும். ஓட்டியவர் விழுந்தார் என்று சொல்வது அரிது. தடத்தில் பயின்ற வீரர்களின் பேச்சு இவ்விடத்தில் மாறுபடுகிறது. எந்த வளைவில், எந்தப் புள்ளியில், முன்சக்கரமா பின்சக்கரமா பிடிப்பை இழந்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்வர். அடுத்த சுற்றில் அதே வளைவுக்கு மீண்டும் வரவேண்டியிருப்பதால் அவர்களுக்கு அக்கணக்கு தேவைப்படுகிறது.

தடச் சொற்கள்

தடத்தின் சொற்கள் பெரும்பாலும் உலகம் முழுவதும் வழங்கும் ஆங்கிலச் சொற்களே: லேப், கிரிட், பிட், போல், ஸ்லிக். பந்தயத்துக்குமுன் வண்டியையும் தலைக்கவசத்தையும் அலுவலர்கள் சோதிப்பது 'ஸ்குரூட்டினி'. தடத்தின் ஓரங்களில் கொடியுடன் நிற்பவர் 'மார்ஷல்'. மஞ்சள் கொடி இடரை அறிவிக்கும். சிவப்புக் கொடி பந்தயத்தை நிறுத்தும். நீலக் கொடி பின்னால் வரும் விரைவான வண்டிக்கு வழிவிடச் சொல்லும். தமிழறிந்தவரோ அறியாதவரோ, நூறு மீட்டருக்கு அப்பால் நின்று ஒரு சொல்கூடப் பேசாமல் உரையாட உதவும் இக்கொடிகளே தடத்தின் உண்மையான பொதுமொழி.

ராலி எனப்படும் நெடுவழிப் போட்டியில் ஓட்டுநருக்கு அருகில் அமர்ந்து வழி சொல்பவர் 'நேவிகேட்டர்'. அவர் கையிலுள்ள வழிப்புத்தகத்தில் ஒவ்வொரு திருப்பமும் ஒரு புள்ளி, ஓர் அம்பு, சில கோடுகள் கொண்ட சிறு படமாக இருக்கும். நெதர்லாந்தின் டுலிப் ராலியில் தோன்றிய முறையாதலால் இப்படத்துக்கு 'டுலிப்' என்று பெயர்.

'ரேஸ்' என்னும் சொல்

சென்னையில், மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே 'ரேஸ்' வந்துவிட்டது. அடையாற்றுக்கு அண்மையில் உள்ள கிண்டியில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே குதிரைப் பந்தயம் நடந்தது. 1896 இல் மதராசு பந்தயக் கழகம் அமைந்தது. நெடுங்காலம் சென்னைக் குடும்பங்களில் 'ரேசுக்குப் போகிறவன்' என்றால் பணத்தைத் தோற்பவன் என்றே பொருள். தமிழ்நாடு அரசு 1974 இல் சட்டமியற்றிக் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க முற்பட்டது. குதிரைப் பந்தயம் சூதாட்டமன்று, திறன்சார் விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை நீக்கிக் கிண்டி நிலத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது.

ஆக, மோட்டார் பந்தயம் பெற்றுக்கொண்ட சொல்லே களங்கம் படிந்த சொல். பின்னர் சாலைப் பந்தயங்கள் பெருகவே அக்களங்கம் வேறு வகையில் கூடியது. நாளிதழ்களில் 'பைக் ரேஸ்' என்ற தலைப்பின்கீழ் வருவது ஏறத்தாழ எப்போதும் காவல்துறைச் செய்தி; இருங்காட்டுக்கோட்டைப் போட்டி பற்றிய செய்தி 'மோட்டார் பந்தயம்' என்ற தலைப்பில் விளையாட்டுப் பக்கத்தில் வரும். முச்சக்கர ஆட்டோக்களைப் புறநகர் நெடுஞ்சாலைகளில் பணயம் வைத்து ஓட்டும் 'ஆட்டோ ரேஸ்' செய்திகளும் முதல் வகையையே சேரும். மகனோ மகளோ 'ரேஸ் ஓட்டப் போகிறேன்' என்று சொன்னால் பெற்றோர் அஞ்சுவதற்கு இச்சொல்லின் வரலாறும் ஒரு காரணம்.

அஞ்சுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. காமராசர் சாலை, சர்தார் பட்டேல் சாலை, திருவான்மியூரிலிருந்து தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆகியவற்றில் நடந்த விரைவோட்டங்களில் ஓட்டுநர்கள் மட்டுமின்றி வழிப்போக்கர்களும் உயிரிழந்துள்ளனர். புத்தாண்டு இரவில் கடற்கரைச் சாலையிலும் மேம்பாலங்களிலும் போக்குவரத்து நிறுத்தப்படுவது இதனாலேயே. தடமும் முழுக் காப்பு அளிப்பதில்லை. 2023 சனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் மூத்த வீரர் கே. இ. குமார் தானுந்துப் பந்தயத்தில் இறந்தார். அவ்வாண்டு ஆகத்து 5 அன்று பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விசையுந்துப் பந்தயத்தில் இறந்தான். வேறுபாடு என்னவெனில், தடத்தில் மருத்துவரும் மீட்பு ஊர்தியும் சில நொடிகளில் வருவர். எதிரே பால் வாங்கச் செல்பவர் எவரும் வருவதில்லை.

சட்டம்

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 189, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொதுவிடத்தில் வண்டிகளுக்கிடையே பந்தயமோ விரைவுத் தேர்வோ நடத்துவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்தின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும். மறுமுறை ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கலாம். சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற ஆணையைத் தொடர்ந்து 2015 சூலை 1 முதல் தலைக்கவசம் கண்டிப்பாக்கப்பட்டது. 2023 இல் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் 'வீலிங்' செய்து விபத்துக்குள்ளான யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்கு நீக்கப்பட்டது.

பிரிவு 189 இல் 'இசைவின்றி' என்ற சொல் கவனிக்கத்தக்கது. இசைவு இருந்தால் அதே செயல் விளையாட்டாகிறது. 2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி, சிவானந்தா சாலை, அண்ணா சாலை ஆகியவற்றின் பகுதிகளை உள்ளடக்கிய 3.5 கி.மீ. தெருத்தடத்தில் பார்முலா 4 இரவுப் பந்தயம் நடைபெற்றது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஒத்துழைப்புடன் நடந்த இப்பந்தயம் 2023 திசம்பரிலேயே நடைபெற வேண்டியது. மிக்சாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டது. அரசுப் பணத்தைச் செலவிடுவது முறையா என்ற வாதம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. தெருத்தடம் அமைந்த இடம், மயிலாப்பூர்க் கலங்கரை விளக்கம் நோக்கிச் செல்லும் காமராசர் சாலையின் வடமுனைக்கு மிக அருகில் உள்ளது. அச்சாலையில்தான் பல்லாண்டுகளாகக் காவல்துறையினர் 'பைக் ரேஸ்' இளைஞர்களை மடக்கிப் பிடித்துவந்தனர்.

கலைச்சொல்லாக்கம்

அடையாற்றை ஒட்டிய இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவர்களின் ரப்தார் அணி, மாணவர் பார்முலா போட்டிகளுக்காகத் தானே பந்தயத் தானுந்துகளை வடிவமைத்து வருகிறது. 2022 இல் மின் தானுந்து ஒன்றை வெளியிட்டது. மின்னோடியில் போரும் இல்லை, சைலன்சரும் இல்லை, சீஸ் ஆவதும் இல்லை. மேலே கூறிய பட்டறைச் சொற்களுள் பல, இருவீச்சு இயந்திரங்களைப் போலவே பழம்பொருள்களாகக்கூடும்.

எழுத்துத் தமிழில் தானுந்து, விசையுந்து, ஓட்டத்தடம், சுற்று போன்ற கலைச்சொற்கள் ஆளப்படுகின்றன. இவற்றுள் 'சுற்று' மட்டும் பேச்சிலும் தயக்கமின்றி வழங்குகிறது. 'ராலி' என்பதைச் சில இதழ்கள் 'கார் பேரணி' என்று பெயர்த்தன. பேரணி என்றால் கோரிக்கை முழக்கத்துடன் செல்லும் ஊர்வலம் என்றே தமிழர் கொள்வதால் அது குழப்பத்தையே தந்தது. பட்டறைகளில் தானுந்து, விசையுந்து, ஆட்டோ, சரக்குந்து ஆகிய எல்லாவற்றுக்கும் 'வண்டி' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது.